சுண்ணாம்பு தடவிய முட்டியும் தடவாத முட்டியும்

1806ஆம் ஆண்டு மே மாதம். நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற நகரில் வெளிவந்த 'தி பலன்ஸ் அண்ட் கொலம்பியன் ரெப்பொசிட்டரி' என்னும் பத்திரிகை, தேர்தலில் தோற்றுப்போன ஒருவர் வாக்காளர்களுக்கு ஊற்றிக் கொடுத்த மதுவகைகளைக் கேலியாகப் பட்டியல் போட்டது. அதில் 'கொக்டெயில்' என்றொரு பெயர் இருந்தது. அது என்ன பானம் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதினார். 13ஆம் திகதி இதழில் ஆசிரியர் பதில் சொன்னார்: ஏதாவதொரு வடிமது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு, இந்த நான்கும் சேர்ந்த பானம். ஒரு கிளாஸ் விழுங்கியவன் அதற்குமேல் எதையும் விழுங்கத் தயாராகிவிடுவான் என்பதால் தேர்தல் காலத்துக்கு மிகவும் உகந்தது என்று எதிர்க்கட்சிக்கு ஒரு குத்தலும் வைத்தார்.

வடிமது எது என்பதை அவர் திறந்தே விட்டார். அமெரிக்கர் முதலில் பிராந்தியையும் ஜின்னையும் ஊற்றினார்கள். நூற்றாண்டு முதிர முதிர அந்த இடத்தில் ரை விஸ்கியும் பேர்பன் விஸ்கியும் வந்து உட்கார்ந்தன. மதுச்சாலைக்காரர்கள் தங்கள் கைவண்ணத்தைக் காட்ட ஆரஞ்சு மது, செர்ரி மது, அப்சிந்த் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். சலித்துப்போன பழைய வாடிக்கையாளர் சிலர், "எனக்கு அந்தப் பழைய மாதிரியே தா" என்று கேட்டனர். 'ஓல்ட் ஃபேஷன்ட்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. கென்டக்கியின் லூயிவில் நகரத்துப் பென்டெனிஸ் கிளப் தன் மண்டபத்தில்தான் அது பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும். அந்தக் கிளப் தொடங்கியது 1881இல். சிக்காகோப் பத்திரிகை ஒன்றில் அந்தப் பானத்தின் பெயர் 1880இலேயே அச்சாகிவிட்டது. 1895இல் ஜோர்ஜ் கப்லர் எழுதிய கையேட்டில் செய்முறை ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிறது: சீனிக்கட்டியைச் சொட்டுத் தண்ணீரில் கரை, அங்கொஸ்துராக் கசப்பில் இரண்டு விசிறல் விடு, சிறு பனிக்கட்டித் துண்டொன்றும் எலுமிச்சைத் தோலும் போடு, ஒரு அளவை விஸ்கியை ஊற்று.

இன்றும் இதை விரும்பிக் குடிப்பவர்கள் உலகமெங்கும் இருப்பதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கருக்கிய ஓக் பீப்பாயில் கிடந்த விஸ்கிக்கு மரத்தின் மணமும் ஒரு காரமும் இருக்கும். சீனி அந்தக் காரத்தின் முனையை மழுக்கும். சீனி நாக்கில் ஒட்டிக்கொள்ளாமல் கசப்பு வெட்டும். பனிக்கட்டி உருக உருகப் பானம் மாறிக்கொண்டே போகும். முதல் மிடறும் கடைசி மிடறும் ஒன்றல்ல. நான்கில் எதுவும் மற்றதை மறைப்பதில்லை.

இலங்கையின் மன்னாரைப் பற்றி எழுத வந்தவர் கென்டக்கியில் ஏன் நிற்கிறார் என்று வாசகர் கேட்கலாம். அந்த நான்கில் இரண்டு, அதுவும் முதன்மையான இரண்டு, மன்னாரில் ஒரே மரத்தின் ஒரே பாளையிலிருந்து ஒழுகுகின்றன. விஸ்கிக்காரனுக்கு மது சோளத்திலிருந்தும் ரை தானியத்திலிருந்தும் வர வேண்டும். சீனி கரும்பிலிருந்து வர வேண்டும். இரண்டும் வேறு வேறு நிலம், வேறு வேறு வணிகம். பனையில் சீனியும் மதுவும் உடன்பிறப்புகள். அவற்றைப் பிரிப்பது சாறு இறக்கும் பானையான முட்டியின் உட்புறத்தில் பூசும் ஒரு விரல் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பின் மேல்தான் இரண்டு நாட்டுச் சட்டங்களும், வரியும், சாதியும், மரியாதையும் ஏறி உட்கார்ந்தன.

மன்னார்த் தீவு வடமேற்காகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் மணல் மேடு. தென்கிழக்கு முனையில் பாலமும் போத்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டையும், வடமேற்கு முனையில் தலைமன்னார், இடையில் பேசாலை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர் வருகிறார்கள். அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆபிரிக்க மரத்துக்குக் கிடைக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூடத் தீவெங்கும் நிற்கும் பனைக்குக் கிடைப்பதில்லை. இலங்கையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பனைகள் உண்டென்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களில் நிற்கின்றன. மழை குறைந்த, உப்புக் காற்று வீசும் மணலில் வேறெந்தப் பெருமரமும் இந்தளவு கூலி கேட்காமல் நிற்காது.

வில்லியம் பெர்குசன் 1850இல் பனையைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டார். தமிழ்ச் செய்யுள் நூலான 'தாலவிலாசம்' பனைக்கு 801 பயன்கள் சொல்வதாக அவர் குறித்தது, அதற்குப் பிறகு பனையைப் பற்றி எழுதிய எல்லோர் கையிலும் ஒட்டிக்கொண்டது. இங்கே நமக்கு வேண்டியவை அந்த 801இல் இரண்டே இரண்டு.

பாளை வெளிவரும் காலத்தில் சீவல் தொழிலாளி தளநாரைக் காலில் மாட்டி ஏறுவார். இடுப்பில் பாளைக்கத்திக் கூடு, தோளில் முட்டி. முதல் சில நாள் எதுவும் ஒழுகாது. பாளையைக் கட்டி, தட்டுப்பொல்லால் இதமாகத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். தட்டு பலமானால் பாளை கெடும், குறைந்தால் சாறு இறங்காது. பிறகு நுனியை மெல்லிய சீவலாகச் சீவி முட்டியைக் கட்டுவார். காலையும் மாலையும் ஏறி, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். ஆண்பனையும் சாறு தரும், பெண்பனையும் தரும். பருவம் தை மாசியில் தொடங்கிக் கோடையோடு ஓய்ந்துவிடும். தென்னையைப் போல ஆண்டு முழுவதும் பனை தராது.

பாளையை விட்டு வெளிவரும் கணத்தில் அந்தச் சாறு ஏறக்குறைய நடுநிலையான இனிப்பு நீர். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாமல் சீனி இருக்கும். காற்றிலும் பழைய முட்டியிலும் குடியிருக்கும் நொதியங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் நுரைக்கும். ஒரு நாளுக்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை மதுசாரம் ஏறும். அதற்குமேல் வைத்தால் புளித்து வினாகிரியாகப் போகும். இதுதான் கள். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருந்தால் சாற்றின் காரத்தன்மை உயரும், நொதியங்களால் பிழைக்க முடியாது, இனிப்பு இனிப்பாகவே கீழே வரும். அதுதான் கருப்பநீர், தமிழ்நாட்டார் பதநீர் என்பார்கள். அதை வடித்து, மிகையான சுண்ணாம்பைப் படியவிட்டு, தாச்சியில் காய்ச்சிப் பாணியாக்கி, ஓலைக் குட்டானில் ஊற்றி ஆறவிட்டால் பனங்கட்டி. கள்ளை வாலையில் ஏற்றி வடித்தால் சாராயம்.

ஆக, அதே மரம், அதே ஆள், அதே ஏற்றம், அதே ஆபத்து. காலையில் இறக்கிய கருப்பநீருக்குள் மாங்காயைக் கீறிப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வடக்கின் பழைய வழக்கம். இனிப்புக்குள் புளிப்பு, மது மட்டும் இல்லாத பஞ்ச் என்றே அதைச் சொல்லலாம்.

பஞ்ச் என்ற பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை சொல்ல வேண்டும். விஸ்கிக் கொக்டெயிலின் பாட்டன் வீட்டு விலாசம் நமது கடலோரம்தான். கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள் சோழமண்டலக் கரையின் பண்டசாலைகளில் இருந்து தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதம் ஒன்றில், 1632இல், 'பஞ்ச்' குடிப்பது பற்றிய பேச்சு வருகிறது. எழுத்தில் அகப்பட்டவற்றுள் அதுவே முற்பட்டது. ஆறு ஆண்டு கழித்துச் சூரத்துக்கு வந்த ஜெர்மன் பயணி மண்டெல்ஸ்லோ, அங்கிருந்த ஆங்கிலேயர் வடிமது, பன்னீர், எலுமிச்சைச் சாறு, சீனி கலந்து குடித்ததை எழுதிவைத்தார். ஊரில் பியரும் வைனும் குடித்துப் பழகியவர்கள் இவர்கள். அவை கப்பலின் வெக்கையில் கெட்டுவிடும். கெடாமல் கிடைத்தது இந்தக் கரையின் சாராயம். அது அவர்களுக்குக் கரடுமுரடாக இருந்தது. ஆகவே கையருகே கிடைத்த இனிப்பையும் புளிப்பையும் வாசனைச் சரக்கையும் சேர்த்துத் தண்ணீர் விட்டுத் தணித்தார்கள்.

டேவிட் வொண்ட்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2010இல் பஞ்ச்சின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். வடிமதுவை அடிப்படையாக வைத்து உலகெங்கும் பரவிய முதல் கலவைப் பானம் அதுதான் என்பது அவர் வாதம். பெரிய பாத்திரத்தில் ஊர் கூடிக் குடித்த பஞ்ச் காலப்போக்கில் ஒற்றைக் கிளாசுக்குச் சுருங்கியது. எலுமிச்சையோடு சுருங்கியது விஸ்கி சவர் ஆயிற்று. புளிப்பை விட்டுக் கசப்பைப் பிடித்துக்கொண்ட வம்சம் கொக்டெயில். கோவாவின் பனஞ்சாதிச் சாராயமும் பத்தேவியாவின் அரிசி-வெல்லப்பாகுச் சாராயமும் இலண்டன் பஞ்ச் கடைகளில் விலைபோயின. சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பனி 1730களில் கப்பல் விடத் தொடங்கியபின் பத்தேவியாச் சாராயம் கோத்தன்பர்க் துறைக்குப் போய்ச் சுவீடரின் தேசியப் பானமாகவே மாறிப்போனது. 1862இல் நியூயோர்க்கில் ஜெரி தோமஸ் வெளியிட்ட கலவைப் பானக் கையேட்டில் அரக் பஞ்ச் இருக்கிறது. அதைவிடச் சுவையான செய்தி, சாராயம் கிடைக்காதவர்களுக்காகப் 'போலி அரக் பஞ்ச்' ஒன்றும் இருக்கிறது. போலி செய்யுமளவுக்குச் சாராயத்துக்கு ஒரு காலம் இருந்தது.

அந்தக் காலத்தில் மன்னார் எங்கே நின்றது? கோட்டை 1658இல் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கண்டியில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679 ஒக்ரோபரில் அருவியாற்றுக் காட்டு வழியாகத் தப்பி வந்து சேர்ந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்துக் கோட்டைக்குத்தான். அங்கிருந்து மன்னாருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். முத்துச் சலாப வருமானத்தில் கண்வைத்திருந்த ஆளுநர் பிரெடெரிக் நோர்த், அரிப்புக் கடலோர மேட்டில் 1801க்கும் 1804க்கும் இடையில் ஒரு மாளிகை எழுப்பினார். அதன் சுவர்களைக் கடல் இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கோட்டைகளிலும் சலாபத் துறைகளிலும் ஓடியது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வந்த தென்னஞ்சாராயம். ஒல்லாந்தரும் அவருக்குப்பின் ஆங்கிலேயரும் சாராயக் குத்தகையைக் கருவூலத்தின் தூணாக்கியது களுத்துறை, பாணந்துறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை நம்பித்தான். ஆங்கிலப் படைவீரனுக்குச் சாராயம் சம்பளத்தோடு சேர்ந்த தினப்படி. வடக்கின் பனை அந்தப் பெருவணிகத்துக்கு வெளியே நின்றது. அதன் சாறு பெரும்பாலும் அன்றன்றே குடிக்கும் கள்ளாகவும், மாதக்கணக்கில் கெடாத பனங்கட்டியாகவும் முடிந்தது.

குத்தகை முறையை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் மாற்றியது. இலங்கையின் மதுவொழிப்பு இயக்கம் அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் வேகம் பிடித்தது. பின்னாளில் சுதந்திரம் கேட்ட தலைவர்கள் பலர் முதன்முதலில் மேடையேறியது அந்த இயக்கத்தில். வடக்கில் மரவரி முறை வந்தது. கடையை ஏலம் விடுவதற்குப் பதிலாக ஒவ்வொரு மரத்துக்கும் அனுமதிக் கட்டணம் கட்டிச் சீவுவது. கள் மரத்தடியிலேயே விலைபோயிற்று. குடிப்பவர் வேலிக்கு வெளியே குந்தியிருந்து குடித்தார். 1972இல் சீவல் தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள் கொண்டுவந்தார்கள். தொழிலாளி இறக்கும் கள்ளைச் சங்கம் அளந்து வாங்கித் தவறணையில் விற்கும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. வடமராட்சியின் திக்கம் வடிசாலை, மிஞ்சிய கள்ளைப் பனஞ்சாராயமாக்கிப் போத்தலில் அடைக்கும் இடமாயிற்று.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை நேர்மாறானது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர். 1914 மார்ச் முதலாம் திகதி புகையிரதமும் கப்பலும் இணைந்த சேவை தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தூரம் ஒரு மாலைப்பொழுதின் தூரம். இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் அங்குமிங்கும் ஓடின. 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதையும் பிடித்தது. அன்றிலிருந்து 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப்போட்ட இரவு வரைக்கும், இராமநாதபுரத்துப் பனையடியில் குற்றமாயிருந்த ஒரு கலயம் கள், கப்பலில் ஏறி இறங்கினால் மன்னார்ப் பனையடியில் வரி கட்டிய பண்டம். இரண்டு கரையிலும் அதே பனை, அதே மொழி, பல இடங்களில் அதே உறவினர்.

தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974க்குள் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987 ஜனவரி முதலாம் திகதி கள்ளும் சாராயமும் தடையாயின. சாராயம் நடுவில் ஒருதடவை தலைகாட்டிவிட்டுப் போயிற்று. கள்ளுக்கான தடை இன்றுவரை நிற்கிறது. பதநீர் இறக்கலாம். ஆனால் முட்டியில் சுண்ணாம்பு இருக்க வேண்டும். அதிகாரி கையை விட்டுப் பார்த்தால் விரலில் வெள்ளை ஒட்ட வேண்டும். தொழிலின் நுணுக்கமாயிருந்த சுண்ணாம்பு அப்படிக் காவல்துறையின் தடயமாயிற்று. 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்ததும் இதே அரசுதான். 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக், 2003இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி வருகிறது. அந்தக் கடையில் விஸ்கி என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் போத்தலில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த மதுசாரம். நிறமும் மணமும் பின்னால் சேர்ப்பவை. தானியத்தைப் பார்க்காத விஸ்கி சட்டபூர்வம், மரத்திலிருந்து அப்படியே ஒழுகும் கள் சட்டவிரோதம். மதுவுக்கு எதிரானவர்கள் இரண்டையும் ஒழிக்கச் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றை விற்றுக்கொண்டு மற்றதைத் தடுப்பதற்கு வருமானத்தைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இலங்கைக் கரையை மெச்சிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. சட்டம் விட்ட இடத்தைச் சாதி பிடித்துக்கொண்டது. வடக்கில் மரம் ஏறியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். மரமும் காணியும் பெரும்பாலும் மற்றவர்களுடையவை. கள்ளை எல்லோரும் குடித்தார்கள், இறக்கியவன் தொட்ட ஏனத்தைத் தொடமாட்டார்கள். பனையோலையில் மடித்துக் கட்டும் பிளாவைப் பார்த்துச் சுற்றுலாக் கட்டுரைகள் இயற்கையோடு இயைந்த அழகு என்று வியக்கின்றன. ஓலை மணம் கள்ளுக்குச் சேர்வது உண்மைதான். குடித்து முடித்ததும் எறிந்துவிடலாம், ஒருவர் வாய்வைத்ததை மற்றவர் தொடவேண்டியதில்லை என்பதும் அதன் வசதிகளில் ஒன்றாயிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களைப் படித்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பனங்கட்டிக்கு இந்தத் தீட்டு ஒட்டவில்லை. அதே கை இறக்கியதுதான், ஆனாலும் தாச்சியும் நெருப்பும் கடந்து வந்ததால் கோவில் பொங்கலுக்கும் போனது, பிள்ளைப்பெற்றவளின் மருந்துக்கும் போனது. எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற முஸ்லிம் ஊர்களில் மது மார்க்கத்துக்கு விலக்கு. பனை அங்கே ஓலையாகவும் மட்டையாகவும் கிழங்காகவும் வீட்டுக்குள் வந்தது. பேசாலை, வங்காலைக் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஊர்களில் கடலால் வந்த களைப்புக்குக் கள்ளும் பொரித்த மீனும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டிலும் போர்க்காலப் பொருளாதாரத் தடையிலும் வடக்கே சீனி அருந்தலானபோது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தது எல்லா ஊருக்கும் பொது.

விஸ்கி இந்தப் படிநிலையில் மேலே உட்கார்ந்தது. கள் தவறணைக்குரியது, சாராயம் கூலிக்காரனுக்குரியது, ஸ்கொச் விருந்தினருக்குரியது. வெளிநாட்டிலிருந்து வரும் மைத்துனர் விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் வாங்கிவரும் போத்தலைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பார்ப்பதே பாதி இன்பம். அதில் பனங்கட்டி கலப்பதாவது! விஸ்கியைச் சோடாவில் நனைத்துக் குடிப்பது மட்டுமே மரியாதையாகக் கருதப்பட்ட வீடுகளில், இனிப்பும் கசப்பும் சேர்த்துக் கலப்பது போத்தலுக்குச் செய்யும் அவமரியாதை. சாராயத்தைச் சீராட்டிக் கலப்பதோ வீண்வேலை. இரண்டு எண்ணமும் சேர்ந்து, நானூறு ஆண்டுக்கு முன் இதே கரையோரத்தில் தொடங்கிய கலவைக் கலையை அது தொடங்கிய இடத்துக்கே அந்நியமாக்கிவிட்டன.

பெண்களின் நிலை இன்னொரு படி கீழே. 1912 மதுவரிச் சட்டத்தின் கீழ் பின்னாளில் வந்த ஒழுங்குவிதிகள், மது விற்கும் இடத்தில் பெண்கள் வாங்குவதையும் வேலை செய்வதையும் தடுத்தன. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார்; சில நாளுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே திரும்பப் பெற வைத்தார். பனங்கட்டி காய்ச்சும் தாச்சியடியில் வெந்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கொழும்பில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஹல்மில்ல மரப் பீப்பாயில் கிடந்த நல்ல தென்னஞ்சாராயத்தை இலண்டன் மதுச்சாலைகளுக்கு அறிமுகப்படுத்த இலங்கை நிறுவனங்கள் முயன்றன. கொழும்பு ஹோட்டல்களில் அரக் சவர் என்று பட்டியலில் போட்டுத் தருகிறார்கள். பனஞ்சாராயம் இந்த ஊர்வலத்தில் பின்வரிசையில்கூடப் போதுமானளவு இல்லை. காரணங்கள் கண்கூடானவை. பருவம் சில மாதம். போரில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளின் இடத்தை நிரப்பப் புதுப் பனைக்கு ஒரு தலைமுறை வேண்டும். பனை பாளை தள்ளப் பதினைந்து இருபது ஆண்டு எடுக்கும். சீவலுக்கு இளைஞர் வருவதில்லை, அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. விழுந்தவர்களின் கதை இல்லாத ஊர் இல்லை, தொழிலின் பெயரோடு ஒட்டிவந்த இழிவும் இன்னும் முழுதாகக் கழன்றுவிடவில்லை. சீனியும் இரசாயனமும் கரைத்த போலிக் கள் நல்ல கள்ளின் விலையைக் கெடுக்கிறது, கசிப்பு சாராயத்தின் விலையைக் கெடுக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் 1806இன் அந்த நான்கு சொல் வாய்ப்பாடு பனைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பனஞ்சாராயம் நயமான மது அல்ல. மூக்கில் முதலில் ஏறுவது ஒரு கூர்மையான பழவாடை, அதன்பின் ஓலை காய்ந்த மாதிரியான மணம். பேர்பனுக்கு ஓக் பீப்பாய் கொடுக்கும் கருகலும் வனிலாவும் இதற்கில்லை. அந்தக் குறையை நிரப்பக்கூடியது வெள்ளைச் சீனி அல்ல, பனங்கட்டி. தாச்சியில் மணிக்கணக்காகக் கொதித்ததால் அதில் கருகலும் புகையும் லேசான உப்புக்கரிப்பும் இருக்கின்றன. பீப்பாய் ஆண்டுக்கணக்கில் செய்வதை நெருப்பு ஒரு பகலில், வேறு வழியால், ஓரளவு செய்துவிடுகிறது. தனித்தனி முட்டியில் பிரிந்துபோன இரண்டும் கிளாசுக்குள் சேரும்போது ஒன்றையொன்று அடையாளம் காண்பதுபோல இணங்கிப்போவது என் நாக்கின் கற்பனையாக இருக்கலாம். ஒரே சாற்றின் மணக்கூறுகள் இரண்டிலும் மிஞ்சியிருப்பது கற்பனை அல்ல.

கசப்புக்கு அங்கொஸ்துரா வாங்கலாம். ஜெர்மன் வைத்தியர் சீகர்ட் 1824இல் வெனிசுவேலாவில் படைவீரரின் வயிற்று நோய்க்குச் செய்த மருந்து அது. 1870களில் டிரினிடாட் தீவுக்கு இடம்மாறி, மருந்து என்பது மறந்து, மதுச்சாலைப் போத்தலாயிற்று. அது கிடைக்காத இடத்தில் காய்ந்த வேப்பம்பூவையும் நாரத்தந்தோலையும் கொஞ்சம் சாராயத்தில் ஊறவிட்டு வடித்தால் அதன் வேலையைச் செய்யும். வேப்பம்பூ அங்கொஸ்துராவைவிட நேரான கசப்பு. ஆகவே சில சொட்டுப் போதும், கூடினால் பானம் கஷாயமாகிவிடும்.

அளவு இப்படி வரும்: பனஞ்சாராயம் 60 மில்லிலீற்றர், பனங்கட்டிப் பாணி ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, வேப்பம்பூச் சாறு மூன்று சொட்டு, பெரிய பனிக்கட்டி ஒன்று, தேசிக்காய்த் தோலில் ஒரு சீவல். தோலை மேலே பிழிந்து அதன் எண்ணெயை மட்டும் படவிட வேண்டும், சாறு விழக்கூடாது. சாறு விழுந்தால் அது பஞ்ச் வம்சத்துக்குப் போய்விடும். இலங்கைச் சாராயம் வழமையாக நூற்றுக்கு 33 முதல் 37 வரைதான் மதுசாரம் கொண்டது. விஸ்கிக்கு 40 அல்லது அதற்கு மேல். ஆகவே கப்லர் விஸ்கிக்குச் சொன்ன தண்ணீர் இங்கே தேவையில்லை, பனிக்கட்டி உருகுவதே போதும். பனங்கட்டியைக் கிளாசிலேயே போட்டு நசுக்குவதும் சரிவராது. காய்ச்சும்போது முழுதாக நீங்காத சுண்ணாம்பும் ஓலைத்தும்பும் அதில் இருக்கும். முதலில் சம அளவு வெந்நீரில் கரைத்து, ஒரு இரவு தெளியவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலே நிற்பதை மட்டும் மெல்லிய துணியில் வடித்தெடுக்க வேண்டும்.